தம்பிய புடிச்சிட்டுப் போய்ட்டாங்க, என்ன பண்றது?

பாம்பன்காரன்: வலைத் தகராறுல தம்பிய நேத்து ராத்திரி ஸ்டேஷனுக்கு கூட்டிட்டுப் போனாங்க, வக்கீலுக்கு காசு இல்ல, அம்மா சாப்பிடவே மாட்டேங்குது, யாராச்சும் சொல்லுங்கண்ணே

தொண்டி மரைக்கான்: பயப்படாதீங்க தம்பி. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தியே ஆகணும், ஏன் கைதுன்னு காரணமும் சொல்லணும், அரசியல் சட்டம் 22வது பிரிவு. அடிச்சிருந்தா மாஜிஸ்திரேட்கிட்ட அங்கேயே சொல்லச் சொல்லுங்க, எங்க வீட்டுப் பையன் பயந்து வாயே தொறக்கல, இன்னும் மனசு ஆறல

கீழக்கரை அக்கா: காவல்ல இருக்கவங்களுக்கு வருமானம் பாக்காம வக்கீல் இலவசம், 15100க்கு போன் போடுங்க. போலீஸ்கிட்ட குடுத்த ஒப்புதல் வாக்குமூலத்த வச்சு மட்டும் தண்டிக்க முடியாது. குற்றப்பத்திரிகை 60 நாள்ல, பெரிய கேஸ்னா 90 நாள்ல போடலன்னா ஜாமீன் அவன் உரிமை

பாம்பன்காரன்: போன் போட்டுட்டேன்க்கா, ராமேஸ்வரம் கோர்ட்டுக்கு கெளம்புறேன்