ஓலைக் கொட்டான் கடைக்கு ஸ்வைப் மெஷின் கட்டுப்படியாகுமா?

ஓலைக்கொட்டான்:
பனையோலைக் கொட்டான், பத்தமடைப் பாய் விற்கிற சின்னக் கடை. பில் சராசரி 1,500 ரூபாய், அதில் கையில் நிற்பது 300. மாதத்தில் 10 பேர் கிரெடிட் கார்டு கேட்கிறார்கள். இல்லையென்றால் 7 பேர் யுபிஐயில் கட்டிவிடுவார்கள், 3 பேர் வாங்காமல் போய்விடுவார்கள். மெஷினுக்கு மாத வாடகை 400, கிரெடிட் கார்டுக்குக் கமிஷன் 2%, அதற்குமேல் ஜி.எஸ்.டி. என்கிறது வங்கி. நாங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்யவில்லை. வாங்கலாமா? கமிஷனை வாடிக்கையாளரிடமே வசூலிக்கலாமா?

பேரேடு:
வணக்கம்ங்க. கமிஷனைவிட வாடகைதான் உங்கள் கையைக் கடிக்கும். 400க்கு 18% சேர்த்தால் 472. கார்டு தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும் அது போய்விடும். பதிவு இல்லாததால் அந்த 72 ரூபாயைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை.

கமிஷன் பில்லுக்கு 30 ரூபாய். ஒரு பில் 2,000 ரூபாய்க்குள் இருந்தால் வங்கி வாங்கும் கார்டுக் கமிஷனுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, தாண்டினால் 2% என்பது 2.36% ஆகிவிடும். மாத ஸ்டேட்மென்டில் இதைச் சரிபாருங்கள்.

மெஷின் வந்தால் பத்துப் பேருமே கார்டு நீட்டுவார்கள். இத்தனை நாள் யுபிஐயில் ஒரு பைசா செலவில்லாமல் கட்டிய 7 பேரும் சேர்த்துத்தான். பத்து பில்லுக்குக் கமிஷன் 300, வாடகை 472, மொத்தம் 772. உங்களுக்குப் புதிதாகக் கிடைப்பது அந்த 3 பேரின் லாபம் 900 மட்டும். மிச்சம் 128 ரூபாய். இதற்காக மெஷின் வைக்கச் சொல்ல மாட்டேன்.

சுடுமண்:
பேரேடு சொன்ன கணக்கு சரி. ஆனால் அந்த 3 பேரை விடவும் வேண்டாம். வாடகை இல்லாத பேமென்ட் லிங்க் எடுங்கள். தொகையைப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர்கள் போனிலேயே கார்டு எண் போட்டுக் கட்டிவிடலாம். கமிஷன் 2%, பில் 2,000 ரூபாய்க்குள் என்பதால் இங்கும் ஜி.எஸ்.டி. இல்லை, 1,500க்கு 30. கேட்டவருக்கு முதலில் யுபிஐயைக் காட்டுங்கள், முடியாது என்பவருக்கு மட்டும் லிங்க். 3 பேருக்கு 90 ரூபாய்தான் செலவு, 900இல் 810 நிற்கும்.

ரூபே கிரெடிட் கார்டு வைத்திருப்பவர் அதை யுபிஐ செயலியில் இணைத்து உங்கள் கியூஆரிலேயே கட்டலாம். சிறு வணிகராகப் பதிவான கியூஆரில் 2,000 ரூபாய் வரை கமிஷன் கிடையாது. ஆனால் சொந்த சேமிப்புக் கணக்கின் கியூஆரை ஒட்டிவைத்திருந்தால் கிரெடிட் கார்டு ஏறாது. வணிகக் கியூஆராக மாற்றுங்கள், வங்கியிலேயே செய்துகொடுப்பார்கள்.

பேரேடு:
ஆமாம், லிங்க்தான் உங்கள் அளவுக்குப் பொருத்தம். மாதக் கார்டு விற்பனை ஒரு லட்சத்தைத் தொட்டால் மெஷினைப் பற்றி யோசிக்கலாம். அப்போது வாடகை அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

கமிஷனைத் தனியாக வசூலிக்க வேண்டாம். டெபிட் கார்டில் அப்படி வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2017 உத்தரவே இருக்கிறது. கிரெடிட் கார்டுக்கு வங்கியோடு போடும் ஒப்பந்தத்தில் தடை இருக்கும், கையெழுத்துக்கு முன் படியுங்கள். விலையில் கலப்பதே நல்லது. விற்பனையில் கால்வாசி கார்டில் வந்தால் 2 சதவீதத்தில் கால் பங்கு, அதாவது 0.5%. 1,500 ரூபாய்ப் பாய்க்கு 7.50 ரூபாய்.

வரவுசெலவு:
கணக்கெழுதும்போது ஒரு தவறு நடக்கிறது. வங்கியில் 1,470 வந்தால் அதையே விற்பனையாக எழுதிவிடுகிறார்கள். விற்பனை 1,500, கமிஷன் 30 தனிச் செலவு. வருமான வரியில் உத்தேச லாப முறையில் (செலவுக் கணக்கு காட்டாமல், விற்பனையில் ஒரு பங்கை லாபமாகக் கொள்வது) காட்டுகிறவர்களுக்கு வங்கி வழி வரவில் 6%, ரொக்கத்தில் 8% லாபமாகக் கொள்ளப்படும். கார்டு வரவும் 6%தான். ஆனால் அந்த முறையில் கமிஷனைத் தனியாகக் கழிக்க முடியாது.

சுடுமண்:
பின்னால் மெஷின் எடுத்தால் இதை மறக்காதீர்கள். தொகையைத் தவறாக அடித்துவிட்டால் அன்றே, செட்டில்மென்ட் (அன்றைய கார்டுக் கணக்கை முடித்து வங்கிக்கு அனுப்புவது) போடுவதற்கு முன் 'வாய்ட்' (ரத்து) செய்யுங்கள், கமிஷன் விழாது. மறுநாள் 'ரீஃபண்ட்' போட்டால் பணம் அவருக்குத் திரும்பும், கமிஷன் பெரும்பாலும் உங்களுக்குத் திரும்பாது.

'நான் வாங்கவில்லை' என்று கார்டுக்காரர் மாதக்கணக்கில் கழித்தும் புகார் கொடுக்கலாம். அப்போது வங்கி கேட்பது சார்ஜ் ஸ்லிப்பையும் (மெஷின் அச்சிட்டுத் தரும் சீட்டு) பில்லையும். அந்த வழவழப்பான தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், கல்லாப்பெட்டிச் சூட்டில் இன்னும் சீக்கிரம். அன்றன்றே பில்லோடு சேர்த்துப் போட்டோ எடுத்துவையுங்கள். லிங்க்கில் கட்டி கூரியரில் போகிற சரக்குக்கு, கையெழுத்து வாங்கிய டெலிவரிச் சீட்டும் வேண்டும்.