புளோக் வீடுகளில் பழக் கணக்கெடுப்பு: படிவத்தில் என்ன கேட்பது?

செங்காங்வாசி:
பலதுறைத் தொழிற்கல்லூரிப் பாடத்துக்காக சிங்கப்பூரில் 40 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் பழம் வாங்கும் பழக்கத்தைக் கணக்கெடுக்க வேண்டும். "பழத்துக்கு மாதம் எவ்வளவு செலவு?" என்று கேட்டால் 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 100 வெள்ளி என்று முழு எண்ணாகவே சொல்கிறார்கள். வருமானமா, விலையா, எது பழம் சாப்பிடுவதைத் தீர்மானிக்கிறது என்று இதில் தெரியுமா?

தராசுமுள்:
தெரியாது. மாதக் கணக்கு யாருக்கும் நினைவிருக்காது. கடந்த 7 நாளை மட்டும் கேளுங்கள், அதுவும் எண்ணிக்கையாக: ஆப்பிள் எத்தனை, வாழைப்பழம் எத்தனை, பப்பாளி முழுசா பாதியா. வெள்ளிக் கணக்கு அப்புறம்.

சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்வது நாளுக்கு 2 பங்கு. சின்ன ஆப்பிள் ஒன்று அல்லது பப்பாளி ஒரு கீற்று, 130 கிராம், ஒரு பங்கு. திராட்சை என்றால் 10. ஆக, பெரியவர்கள் 4 பேர் உள்ள வீட்டுக்கு வாரம் 56 பங்கு. அதற்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

தோலையும் கொட்டையையும் கழிக்க வேண்டும். வாழைப்பழத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோல்தான். கொய்யாவில் கழிவு குறைவு. வெறும் கிலோ விலையை வைத்து ஒப்பிட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

தேக்காக்கூடை:
வாங்கியதெல்லாம் வயிற்றுக்குப் போவதில்லை. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழம் சாமிக்கு. சீனப் புத்தாண்டில் ஆரஞ்சு ஜோடி ஜோடியாக வந்து, ஜோடி ஜோடியாகவே அடுத்த வீட்டுக்குப் போகும். அந்த வாரங்களைத் தவிருங்கள். தீபாவளியையும்தான். "பூசைக்கு, அன்பளிப்புக்கு, அழுகி எறிந்தது" என்று மூன்று கட்டங்கள் வையுங்கள்.

இன்னொன்று, உணவங்காடியில் வெட்டி விற்கும் பழம் வீட்டுச் செலவில் வராது; அதைத் தனியாகக் கேளுங்கள். சந்தைக்குப் போவது பாட்டியோ பணிப்பெண்ணோ என்றால் அவரிடமே கேளுங்கள். கதவைத் திறக்கும் பையன் சொல்வது குத்துமதிப்பு.

தராசுமுள்:
வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துக்கொள்ளுங்கள். 6 பேர் வீட்டையும் 2 பேர் வீட்டையும் மொத்த வருமானத்தில் ஒப்பிட முடியாது. விலையின் தாக்கம் ஒரே வாரக் கணக்கெடுப்பில் பிடிபடாது, ஏனென்றால் ஒரே வட்டாரத்தில் விலை பெரிதாக மாறாது. விலை மாறியபின் அதே வீடுகளுக்கு மறுபடி போக வேண்டும். அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்த 2010 கட்டுரை ஒன்று, பழ விலை 10% ஏறினால் வாங்குவது 7% அளவு குறையும் என்கிறது. அந்த எண்ணை இங்கே அப்படியே ஒட்டாதீர்கள்.

"பழத்தை நறுக்குவது யார்?" என்றும் ஒரு வரி சேருங்கள். வருமானத்தைவிட அதுதான் அதிகம் சொல்லும் என்பது என் கணிப்பு. அன்னாசியைச் சீவ ஆளில்லாத வீட்டில் ஆப்பிளும் வாழையும்தான் ஓடும்.

செங்காங்வாசி:
சேர்த்துவிட்டேன். டுரியானை எங்கே போடுவது?

தேக்காக்கூடை:
தனி வரியில். முள்தோலை நீக்கினால் சுளை மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. பருவத்தில் ஒரே வீடு உங்கள் சராசரியைத் தூக்கிவிடும்.