நிறமேற்றமா, கோலமாற்றமா? சிக்லிட் மீன்களுக்கான கலைச்சொற்கள்

வணக்கம்.

சிக்லிட் மீன்களின் நிறமாற்றத்துக்குத் தமிழ்க் கலைச்சொற்பட்டியல் தொகுக்கிறேன். இம்மீன்களை வளர்ப்போர் ‘கலர் ஏறுது’, ‘கலர் இறங்கிடுச்சு’ என்றுதான் பேசுகிறோம். இதையே நிறமேற்றம், நிறமிறக்கம் என்று கலைச்சொல்லாக்கலாம். ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் வாழும் அஸ்டடோடிலாப்பியா பர்டோனி என்ற சிக்லிட் நல்ல சான்று. இடம் பிடித்த ஆண் நீலமாகவோ மஞ்சளாகவோ பளிச்சிடும். கண்ணருகே கறுப்புக் கோடு விழும். இடமிழந்த ஆண் நிறம் மங்கி, பெண் மீன்களோடு கூட்டமாகத் திரியும். தலைமை ஆணை வெளியே எடுத்தால், அடுத்த ஆணுக்குச் சில நிமிடங்களிலேயே கோடு தெரியத் தொடங்கும்.

இப்படி மற்றவற்றை அடக்கும் ஆணைக் குறிக்கும் ‘டாமினன்ட்’ என்பதற்கு ‘ஓங்கு’ வேண்டாம். மரபியலில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்பவை நிலைபெற்றுவிட்டன. ஓங்கு ஆண் என்றால் பிறவியிலேயே வந்தது என்று மாணவர்கள் எண்ணுவார்கள். இங்கோ ஒரே மீன் இரு நிலைக்கும் போய்வருகிறது. ஆதிக்க ஆண், அடங்கிய ஆண் போதும்.

———

ஐயா, ஆதிக்க ஆண், அடங்கிய ஆண் இரண்டும் சரி. நிறமேற்றம்தான் இடிக்கிறது.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் ஆரட்டஸ் என்ற சிக்லிட்டில் குஞ்சும் பெண்ணும் பொன்மஞ்சள். ஆதிக்க ஆண் கறுத்துவிடும். அதே ஏரியின் கென்யி என்ற சிக்லிட்டில் நீலக் குஞ்சு ஆணாக முதிரும்போது மஞ்சளாகிறது. இவற்றில் எது ஏற்றம், எது இறக்கம்? அடிபட்டு ஒதுங்கிய மீனும் பல இனங்களில் கறுக்கும். அதை நிறமேற்றம் என்று படித்துச் சும்மா இருந்தால் மீன் செத்துவிடும். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நீர்மட்டத்திலோ ஃபில்டருக்குப் பின்னாலோ நின்றால், நுனி கிழிந்திருந்தால், உடனே தனித்தொட்டிக்கு மாற்ற வேண்டும். தேறியபின் கற்களை எல்லாம் இடம்மாற்றி அடுக்கி, விளக்கை அணைத்துவிட்டு மீனைத் திரும்ப விட வேண்டும். பழைய எல்லைகள் கலைந்தால்தான் புதிதாக வருவது பிழைக்கும். ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்ணாவது இருந்தால் துரத்தலும் பங்கிடப்படும்.

என் பரிந்துரை ‘ஆதிக்கக் கோலம்’, ‘அடங்கு கோலம்’. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது கோலமாற்றம். மணக்கோலம், தவக்கோலம் போல, பூணவும் களையவும் கூடியது என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. ‘நிலைநிறம்’ என்றால் மாறாத நிறம் என்றாகிவிடும். நம் குளத்து ஜிலேபி கெண்டைக்கும் இது பொருந்தும்: ஆதிக்கக் கோலத்தில் உடல் கறுப்பு, தொண்டை வெளுப்பு, துடுப்பு விளிம்பு சிவப்பு.

வேகத்துக்கும் தனிச்சொல் தேவை. கண்கோடு நொடிகளில் மறையும். நரம்பின் கட்டுப்பாட்டில் கருநிறமிச் செல்லுக்குள் மெலனின் மணிகள் பரவினால் கறுப்பு, நடுவே குவிந்தால் வெளுப்பு. இது மணிப்பெயர்வு நிறமாற்றம். ஆரட்டஸ் முழுதாகக் கறுக்க நாட்கள், வாரங்கள் ஆகும். நிறமியின் அளவும் செல்களின் எண்ணிக்கையுமே மாறுகின்றன. இதைச் செல்பெருக்க நிறமாற்றம் எனலாமா?

———

கோலமாற்றத்தை ஏற்கிறேன், நிறமேற்றத்தைத் திரும்பப் பெறுகிறேன். ‘செல்பெருக்கம்’ மட்டும் ஒருபக்கம் சாய்கிறது. நிறம் வெளுக்கும்போது செல்கள் குறைகின்றனவே. ‘செல்தொகை நிறமாற்றம்’ என்றால் இரண்டும் அடங்கும். பர்டோனி ஆணின் குதத்துடுப்பில் (வயிற்றுக்குப் பின்னே அடிப்புறத் துடுப்பில்) உள்ள ஆரஞ்சு வட்டங்களுக்கு ‘முட்டைப்புள்ளி’ என்றே பட்டியலில் சேர்க்கிறேன்.