அம்மாவிடம் கத்திவிட்டு என்னையே மன்னிக்க முடியவில்லை

கேள்வி:
என் அம்மாவுக்கு 76 வயது. மறதி நோய் வந்து 4 ஆண்டுகள் ஆகின்றன. அப்பா காலமானதே நினைவில்லாமல், "அவர் சாப்பிட்டாரா?" என்று ஒரே மாலையில் இருபது முறையாவது கேட்பார். நேற்று, நான் பிசைந்து கொடுத்த ரசம் சாதத்தைத் தட்டோடு தள்ளிவிட்டபோது, "உங்களால் என் வாழ்க்கையே போயிற்று" என்று கத்திவிட்டேன். சற்று நேரத்தில் அவர் அதை மறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கோ விடியும்வரை தூக்கமில்லை. பெற்ற தாயிடம் இப்படி நடந்துகொண்டவளுக்கு ஆறுதல் தேடும் தகுதி உண்டா?

பதில் 1:
சகோதரி, என் மாமியாரை 6 ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள் நான். நானும் கத்தியிருக்கிறேன், பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன் (அழுகைச் சத்தம் வெளியே கேட்காமலிருக்கத்தான்). மறதி நோயாளிகளில் பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடும். நாள் முழுக்க உழைத்த நாமும் அந்நேரத்தில்தான் ஓய்ந்துபோயிருப்போம். அப்பா இறந்ததை ஒவ்வொரு முறையும் நினைவூட்ட வேண்டாம். அவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதிய சாவுச் செய்தி. மாலையில் ஒரு மணி நேரமாவது வேறொருவரை அருகில் உட்காரவைத்துவிட்டு, நீங்கள் மொட்டைமாடிக்காவது போய் வாருங்கள்.

பதில் 2:
"உங்களை நீங்களே நேசியுங்கள்" என்ற உபதேசம் எனக்கு எரிச்சலையே தரும்; ஆனால் உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் தற்பரிவு என்பதை மூன்று கூறுகளாக விளக்கியது எனக்குப் பயன்பட்டது. தன்னைத் திட்டாமல் கனிவாக நடத்துவது, இத்தகைய தடுமாற்றம் மனிதர் எல்லோருக்கும் உள்ளதென்று உணர்வது, வலியை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் உள்ளபடி பார்ப்பது ஆகியவையே அவை. இதில் நடுவிலுள்ளதுதான் உங்களுக்கு இப்போது தேவை என்று நினைக்கிறேன், ஏனெனில் உலகிலேயே நீங்கள் ஒருவர்தான் இப்படிக் கத்தினீர்கள் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். கத்தியது தவறுதான், அதை ஒப்புக்கொள்வது வேறு, இரவெல்லாம் அதற்காகத் தன்னையே அடித்துக்கொள்வது வேறு. தூக்கமின்மை தொடர்ந்தால் 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று மாலை அம்மா கேட்டபோது, "சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்" என்றேன். "என்ன குழம்பு?" என்றார். வத்தக்குழம்பு என்றேன். "அவருக்கு அது ஒத்துக்கொள்ளாதே" என்று என்னைக் கடிந்துகொண்டார்; வெகு நாட்களுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம்.