கோகோ: ஆறு வயதுப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டலாமா? (கதை முழுக்க வெளிப்படும், பார்க்காதவர்கள் கவனம்)

பொங்கோல்அப்பா | சனி, இரவு 11.42

குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம் என்று எல்லாரும் சொன்னார்களே என்று இன்று மாலை ‘கோகோ’வை மகளுக்குப் போட்டுக் காட்டினேன். அவளுக்கு ஆறு வயது, பாலர் பள்ளி இரண்டாம் ஆண்டு. பிக்சார் அந்தப் படத்தை வெளியிட்டது 2017ல். அப்போது இவள் பிறக்கவே இல்லை. அதனால் டிஸ்னி பிளஸ், வீட்டுத் தொலைக்காட்சி, ஒரு தட்டு முறுக்கு.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: செருப்புத் தைக்கும் குடும்பம், பாட்டு என்றாலே ஆகாது. அந்த வீட்டுப் பையன் மிகேல், மெக்சிக்கோவில் இறந்தவர்களுக்குப் படைக்கும் நாளன்று, ஒரு பிரபல பாடகரின் சமாதியில் மாட்டியிருந்த கிட்டாரை எடுத்து மீட்டப்போய், உயிரோடு மேலுலகத்தில் மாட்டிக்கொள்கிறான். அங்கே ஒரு சட்டம். வீட்டுப் படையலில் உங்கள் படம் இருந்தால்தான் அன்றைக்குப் பாலம் தாண்டி வீட்டுக்கு வரலாம். பூமியில் உங்களை நினைக்க ஒருவருமே இல்லாமல் போனால், அங்கேயும் இல்லாமல் போய்விடுவீர்கள்.

எலும்புக்கூடுகளைப் பார்த்து மகள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சிச்சரோன் என்ற கிழவர் படுத்தபடியே ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுப் பொன்தூளாக மறைகிறாரே, அந்த இடத்தில் எழுந்து போனாள். கழிவறைக்கு என்று நினைத்தேன். பார்த்தால் சாமி மேடைக்குப் பக்கத்துச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறாள். அங்கே என் அம்மாவின் படம் இருந்தது. இரண்டு வாரம் முன்பு சாயம் பூசும்போது கழற்றி, துண்டில் சுற்றி அலமாரி மேல் வைத்தோம், அப்படியே மறந்துவிட்டோம். “பாட்டி இப்ப எப்படிப்பா வருவாங்க?” என்று ஆரம்பித்து ஒரே அழுகை.

இரவு பத்து மணிக்கு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் ஆணி அடிக்க முடியுமா? ஒட்டுக் கொக்கி புதுச் சாயத்தில் நிற்கவில்லை, இரண்டு தடவை விழுந்தது. கடைசியில் படத்தைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்த பிறகுதான் தூங்கினாள். போதாததற்கு நஞ்சு வைத்துக் கொல்லும் காட்சி வேறு. இதை யார் சிறுவர் படம் என்று முடிவு செய்தார்கள்?

டிஸ்க்பித்தன் | ஞாயிறு, நள்ளிரவு 12.15

பொங்கோல் அண்ணே, பிள்ளை அழுதது வருத்தம்தான். ஆனால் பாட்டி படத்தை அலமாரி மேல் போட்டது பிக்சாரா, நீங்களா?

இன்னொன்று. இந்தப் படத்தில் பாதி இரவில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடக்கிறது. ஸ்ட்ரீமிங்கில் இருட்டு எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். 4கே புளூரே தட்டு (டிஸ்க்) வினாடிக்கு 128 மெகாபிட் வரை படத் தகவல் அனுப்பும். ஸ்ட்ரீமிங்கில் வருவது அதில் ஒரு சிறு பங்கு. கல்லறைத் தோட்டத்தில் செண்டுமல்லிக்கு நடுவே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கும் காட்சியைத் தட்டில் பாருங்கள். பயமே வராது, அங்கே போய் உட்காரத் தோன்றும். அமெரிக்காவில் தட்டு வந்தது 2018 பிப்ரவரி 27. அடுத்த வாரமே ஆஸ்கரில் சிறந்த அனிமேஷன் படம், சிறந்த பாடல் என்று இரண்டு விருது. அன்று வாங்கியதை இன்னும் வைத்திருக்கிறேன்.

பொங்கோல்அப்பா | ஞாயிறு, நள்ளிரவு 12.21

பிள்ளை அழுததற்கு மெகாபிட்தான் காரணம் என்று சொல்லும் முதல் ஆள் நீங்கள்தான்.

சந்தேகராமன் | ஞாயிறு, காலை 7.50

ஒரு திருத்தம். உங்கள் மகள் இரண்டு சட்டங்களைச் சேர்த்துக் குழப்பிக்கொண்டாள். நீங்களும்தான்.

படம் இருப்பது பாலம் தாண்ட அனுமதி, அவ்வளவுதான். மேலுலகத்தில் மிகேலுக்குத் துணையாக வரும் ஹெக்டருக்குப் படையலில் படம் இல்லை, அதனால் வருடா வருடம் வேஷம் போட்டுக் கடக்கப் பார்த்து மாட்டிக்கொள்கிறான், ஆனாலும் அங்கேதான் இருக்கிறான். அவன் மறைய ஆரம்பிப்பது, அவனை நேரில் அறிந்த கடைசி ஆளான மகள் கோகோவுக்கு ஞாபகம் போகும்போதுதான். ஆக, பாட்டி படம் அலமாரி மேல் இருந்தாலும் பாட்டிக்கு ஆபத்து இல்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதே.

எனக்குப் புரியாதது வேறு. நேரில் அறிந்தவர்கள்தான் கணக்கு என்றால் கோகோ போன பிறகு ஹெக்டரும் அவன் மனைவி இமெல்டாவும் எப்படி நிற்கிறார்கள்?

டிஸ்க்பித்தன் | ஞாயிறு, காலை 8.05

அதற்கு ஹெக்டரே பதில் சொல்கிறானே. நேரில் அறிந்தவர்கள் கதையாகச் சொல்லி அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க வேண்டும். கோகோ தன் அப்பாவைப் பற்றி மிகேலிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறார். இன்னும் அறுபது வருஷத்துக்குக் கவலை இல்லை.

தேக்காஅக்கா | ஞாயிறு, மதியம் 1.30

நான் பொங்கோல் தம்பி பக்கம். ஆனால் காரணம் வேறு.

எங்கள் வீட்டில் இந்தப் படத்தைப் பார்த்தது என் மாமியாரும் என் இளைய மகனும். மாமியாருக்கு ஆங்கிலம் ஓடாது. நான் வாங்கிய அமெரிக்கத் தட்டில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், முடிந்தது. 2019ல் ‘ஃப்ரோசன் 2’க்கு தமிழில் ஸ்ருதிஹாசனை எல்சாவாகப் பேச வைத்தார்கள், ‘லயன் கிங்’கில் அரவிந்த்சாமி ஸ்கார். அந்தக் கொடுப்பினை இந்தத் தட்டுக்கு இல்லை. அதனால் மகன்தான் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்லிக்கொண்டே வந்தான். தமிழ் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை “அது மேல்லோகம் அப்பாயி, அங்க கஸ்டம்ஸ் இருக்கு” என்று சரளமாகப் பேசியதைக் கேட்டு எனக்கே ஆச்சரியம்.

ஹெக்டர் பாலத்துப் பூவில் கால் புதைந்து நின்றான் பாருங்கள், அப்போது மாமியார் கேட்டார்: “ஏன்டா, அவனுக்குத் திதி கொடுக்க ஆளில்லையா?”

மகன் என்னைப் பார்த்தான். நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் விடவில்லை. “ஆளில்லாதவங்களுக்குன்னு ஒரு கை எள்ளும் தண்ணியும் விடுவாங்களே, அந்த ஊர்ல அது கிடையாதா?”

அதுதான் என் குறையும். எங்கள் வீட்டில் தர்ப்பணம் கொடுக்கும்போது மூன்று தலைமுறைக்குப் பெயர் சொல்வார்கள். கடைசியில், தாய் தகப்பன், உறவு, சொந்தம் என்று யாரும் இல்லாமல் போனவர்களுக்கும் சேர்த்து ஒரு தண்ணீர். எங்கள் புளோக் கீழே சீன அண்டை வீட்டார் ஏழாம் மாதத்தில் தாள் எரித்து, ஆரஞ்சும் சோறும் வைப்பார்கள். அதுவும் சொந்தத் தாத்தாவுக்கு மட்டும் இல்லை, அலையும் ஆவிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். இந்தப் படத்தில் சிச்சரோனுக்கு என்ன கிடைத்தது? ஒரு பாட்டு, ஆள் காலி. பிள்ளை குட்டி இல்லாதவன் மேலுலகத்திலும் குடிசைப் பகுதியில் கிடக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவது என்ன நியாயம்? என் நாத்தனாருக்குக் குழந்தை இல்லை. அன்று அவரும் உட்கார்ந்து பார்த்தார்.

சந்தேகராமன் | ஞாயிறு, மதியம் 1.48

மூன்று தலைமுறை என்று நீங்கள் சொன்னதும் கணக்குப் போட்டேன். மிகேலுக்கு ஹெக்டர் எள்ளுத்தாத்தா, நான்காவது தலைமுறை. நம் கணக்கில் அவனுக்குப் பெயர் சொல்லியே கொடுக்க மாட்டார்கள். இங்கே எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு எள்ளுத்தாத்தா பெயர் தெரியும்? எனக்குத் தெரியாது. கப்பலேறி வந்தவருடைய பெயர் வரைக்கும்தான் எங்கள் வீட்டில் தெரியும், அவருடைய அப்பா யாரென்று யாருக்கும் தெரியாது.

டிஸ்க்பித்தன் | ஞாயிறு, மதியம் 2.10

அக்கா, கேள்வி சரி. ஆனால் படம் அதை நியாயம் என்று சொல்லவில்லையே. சிச்சரோன் போன பிறகு ஹெக்டர் தன் கோப்பையைக் கவிழ்த்து வைக்கிறானே, அதைப் பாருங்கள். மேலுலகத்திலும் புகழ் பெற்றவனுக்கு மாளிகை, மறக்கப்பட்டவனுக்குக் குடிசை, கோபுரத்தில் இருக்கும் அந்தப் பிரபல பாடகனோ கொலைகாரன். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

இயக்குநர் லீ அன்க்ரிச் முதலில் யோசித்த கதையே வேறு. அம்மாவை இழந்த அமெரிக்கப் பையன் மெக்சிக்கோவுக்குப் போய், துக்கத்தை விட்டுவிடக் கற்றுக்கொள்வதாகக் கதை. கொஞ்ச நாள் வேலை செய்த பிறகுதான், இறந்தவர்களுக்குப் படைக்கும் அந்த நாளின் நோக்கமே விட்டுவிடாமல் இருப்பதுதானே என்று உறைத்து, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். தட்டில் அன்க்ரிச், இணை இயக்குநர் ஏட்ரியன் மொலினா, தயாரிப்பாளர் டார்லா ஆண்டர்சன் மூவரும் படம் முழுக்கப் பேசிக்கொண்டே வரும் ஒலித்தடம் இருக்கிறது. சும்மாவா தட்டு தட்டு என்று அடித்துக்கொள்கிறேன்!

தேக்காஅக்கா | ஞாயிறு, மதியம் 2.31

விட்டுவிடாமல் இருப்பது நல்லதுதான். டிஸ்னிக்காரர்கள் 2013ல் அந்தப் பண்டிகையின் பெயரையே வணிக முத்திரையாகப் பதியப் பார்த்து, மெக்சிக்கோக்காரர்கள் சத்தம் போட்டதும் பின்வாங்கினார்களே, அதையும் அந்த ஒலித்தடத்தில் பேசுகிறார்களா? நாளைக்குத் தீபாவளி என்ற பெயரை ஒரு கம்பெனி பதிந்துகொண்டால் தேக்காவில் விளக்குப் போட யாரிடம் அனுமதி கேட்பது?

ஒன்றுக்கு மட்டும் நன்றி. அந்தச் செண்டுமல்லி. பஃப்ளோ ரோட்டில் மாலை கட்டுகிறார்களே, அதே பூ. நம் ஊர்ப் பூ என்றுதான் நினைத்திருந்தேன், அதற்குச் சொந்த ஊரே மெக்சிக்கோவாம்.

டிஸ்க்பித்தன் | ஞாயிறு, மதியம் 2.40

முத்திரை விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. அப்போது கேலிச்சித்திரம் போட்டுக் கிழித்த லாலோ அல்கராஸையே பிறகு ஆலோசகராகக் கூப்பிட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

இரவுத்தாதி | ஞாயிறு, மாலை 6.05

இப்போதுதான் எழுந்தேன். முதியோர் இல்லத்தில் இரவு வேலை.

எல்லாரும் மேலுலகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். படத்தின் பெயர் கோகோ. அவர் கொள்ளுப்பாட்டி, சக்கர நாற்காலியில், பேரன் பெயரைக்கூட மாற்றிச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் மிகேல் கிட்டாரை எடுத்து அவருடைய அப்பா பாடிய பாட்டை மெதுவாகப் பாடுகிறான். முதலில் அவர் விரல்தான் அசைகிறது, அப்புறம் கன்னம், அதற்கப்புறம்தான் குரல். இந்த வரிசை அப்படியே உண்மை. எங்கள் இல்லத்தில் ஒரு தாத்தா, துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மகன் வந்தால் “யாரு தம்பி, எந்த வார்டு?” என்பார். நாலு மணிக்கு மருந்து கொடுக்கப் போகும்போது நான் ஒரு பழைய பாட்டை முனகினால் போர்வைக்கு வெளியே விரல் தாளம் போடும். சரணத்தில் நான் வார்த்தையை விட்டால் அவர் எடுத்துக் கொடுப்பார். எனக்குத் தெரியாத சரணம்கூட வரும்.

பொங்கோல் அண்ணா, உங்கள் மகள் பயந்து அழவில்லை. பாட்டிக்கு வழி அடைபட்டுவிட்டதே என்று அழுதாள். ஒன்பது பத்து வயதில் பலர் எங்கள் இல்லத்து வாசல் வரை வந்து, உள்ளே வராமல் போனில் விளையாடிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை. ஆனால் நஞ்சுக் காட்சி ஆறு வயதுக்கு அதிகம்தான், அதில் உங்கள் பக்கம். டிஸ்க்பித்தனுக்கு: அந்தப் பாட்டுக் காட்சியை நான் பேருந்தில் கைப்பேசியில் பார்த்தேன். எத்தனை மெகாபிட் என்று தெரியாது, இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

உட்லண்ட்ஸ்வாசி | ஞாயிறு, இரவு 8.20

சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி. மலிவு என்று சென்னையில் நாலு டிவிடி வாங்கி வந்தேன், என் பிளேயரில் ஒன்றும் ஓடவில்லை. எல்லாம் கீறலா, பிளேயர் கெட்டதா?

டிஸ்க்பித்தன் | ஞாயிறு, இரவு 8.24

கீறல் இல்லை, வட்டாரக் குறியீடு. ஒரு வட்டாரத்துத் தட்டு இன்னொரு வட்டாரத்துப் பிளேயரில் ஓடாது. டிவிடிக்கு இந்தியா 5, சிங்கப்பூர் 3. புளூரேயில் இந்தியா சி, நாம் ஏ. உறையில் உலக உருண்டைக்குள் எண் போட்டிருக்கும், பாருங்கள். செத்தவர்களுக்குப் பாலத்தில் சோதனை என்றால் உயிரோடு இருப்பவர்களுக்குப் பிளேயரில் சோதனை, என்ன செய்வது!

பொங்கோல்அப்பா | ஞாயிறு, இரவு 9.36

எல்லாவற்றையும் படித்தேன். நஞ்சு விஷயத்தில் நான் இறங்கி வரப்போவதில்லை, ஆறு வயதுக்கு இது படம் இல்லை. எட்டு வயதுக்குப் பரவாயில்லை.

இன்று காலை பக்கத்து வீட்டு மலாய் மாமாவிடம் டிரில் இரவல் வாங்கிப் படத்தை மாட்டினேன். மகள் தூரத்தில் நின்று நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னாள். அப்புறம், பாட்டிக்கு யார் அம்மா, அவர் படம் எங்கே என்று கேட்டாள். அப்படி ஒரு படம் எடுத்ததாகவே எனக்குத் தெரியவில்லை. ஈப்போவில் இருக்கும் பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப் போட்டிருக்கிறேன், இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.

டிஸ்க்பித்தன், அந்தத் தட்டும் ஒரு பிளேயரும் ஒரு வாரத்துக்கு இரவல் கிடைக்குமா? மகளுக்கு இல்லை, எனக்கு. சிச்சரோன் வந்த பிறகு நடந்ததை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

டிஸ்க்பித்தன் | ஞாயிறு, இரவு 9.41

சனிக்கிழமை ஐந்து மணி, யீஷூன் எம்ஆர்டி ரயில் நிலையம், பயணச்சீட்டுக் கதவுக்கு வெளியே. பிளேயர் கனம், பை கொண்டு வாருங்கள். தட்டு திரும்பி வர வேண்டும் அண்ணே. போன வருஷம் இங்கே ஒருவருக்குக் கொடுத்தது இன்னும் வரவில்லை, ஆள் பெயரைச் சொல்லமாட்டேன், உட்லண்ட்ஸ் பக்கம்.

உட்லண்ட்ஸ்வாசி | ஞாயிறு, இரவு 9.43

நானும் சனிக்கிழமை வருகிறேன் லா.