கார்பன் ஷீட் சுத்துன கான்கிரீட்: உங்க கணக்கு எங்க இடிச்சுது? அனுபவத்த சொல்லுங்க

லேப்ல கார்பன் ஷீட் (தூண வலுப்படுத்த எபாக்ஸி பசையில ஒட்டிச் சுத்துற கார்பன் நார்த் துணி) சுத்துன கான்கிரீட் சிலிண்டர உடைச்சுப் பாத்தவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், ஸ்ட்ரெங்த் கணக்கு எப்படியோ கிட்டத்துல வந்துரும், ஆனா உடையறதுக்கு முன்னாடி எவ்வளவு அமுங்கும்ங்கறது மட்டும் பிடிபடவே படாது. நான் பாத்த வரைக்கும் தகராறு ஒரே நம்பர்ல தான், ஷீட் எந்த ஸ்ட்ரெயின்ல, அதாவது எத்தன சதவீதம் நீண்டதும், கிழியுதுங்கறது. தட்டையான கூப்பன (ஷீட்டோட சோதனைத் துண்டு) இழுத்துப் பாத்தா 1.5% வரும், அதே ஷீட் சிலிண்டர் மேல சுத்துனா 0.9% பக்கத்துலயே கிழிஞ்சுரும், ஏன்னா வளைவு இருக்கு, உள்ள கான்கிரீட் ஒரே சீரா விரியறதில்ல, விரிசல் விட்ட இடத்துல ஷீட்டுக்கு இழுப்பு அதிகம்.

150 மிமீ சிலிண்டர், 30 மெகாபாஸ்கல் கான்கிரீட், 0.167 மிமீ ஷீட் ஒரு சுத்து, இலாஸ்டிக் மாடுலஸ் (ஷீட்டோட விறைப்பு) 230 ஜிகாபாஸ்கல்னு வச்சு, ஷீட் சுத்துன கான்கிரீட்டுக்கான லாம்-டெங் 2003 மாடல்ல போட்டுப் பாருங்க. கிழியற ஸ்ட்ரெயின் 0.9% போட்டா ஸ்ட்ரெங்த் 45 மெகாபாஸ்கல், 1.1% அமுங்கல். 1.5% போட்டா 55 மெகாபாஸ்கல், 1.9% அமுங்கல். ஸ்ட்ரெங்த் கால் பங்கு கூட ஏறல, ஆனா அமுங்கல் முக்கால் பங்கு ஏறிடுச்சு! கூப்பன் நம்பர அப்படியே போட்ட ரிப்போர்ட்டப் பாக்கும்போதெல்லாம் எனக்கு பக்குன்னு இருக்கும்.

இன்னொன்னு, ஸ்ட்ரெயின் கேஜ (நீட்சி அளக்கற சென்சார்) ஷீட் முனைங்க ஒன்னு மேல ஒன்னு வர்ற ஓவர்லேப் மேல ஒட்டாதீங்க, அங்க ஷீட் ரெண்டு மடங்கு தடிமன், ரீடிங் கம்மியா தான் காட்டும்.

—

சூப்பர் பதிவு சார். எங்க டீம்ல ஒருத்தர் தூணுக்குள்ள போடற ஸ்டீல் கம்பி வளையத்துக்கான மேண்டர் 1988 மாடல எடுத்து இதுக்கும் போட்டிருந்தார், சுமை-அமுங்கல் வளைவரை உச்சிக்குப் போய் இறங்குற மாதிரி வந்துச்சு. ஸ்டீல் யீல்டு ஆனதும் (இழுப்பு ஏறாமலே நீள ஆரம்பிச்சதும்) அது கான்கிரீட்டுக்கு தர்ற அழுத்தம் அதுக்கு மேல ஏறாது, கார்பன் கிழியற வரைக்கும் அழுத்தத்த கூட்டிக்கிட்டே போகும், அதனால போதுமான அளவு சுத்தியிருந்தா கோடு மேல ஏறிக்கிட்டே போகும். டெஸ்ட்ல எபாக்ஸி டிக் டிக்னு சத்தம் போட ஆரம்பிச்சதும் எல்லாரும் தள்ளி நின்னோம், கொஞ்ச நேரத்துல பட்டுன்னு வெடிச்சு ஷீட் நாடா நாடாவா தொங்குச்சு, உள்பக்கம் கான்கிரீட் தோல் ஒட்டியிருந்துச்சு. இறங்குற பகுதின்னு ஒன்னு வரவே இல்ல.

—

சைட்ல வேலை பாக்கறவங்க சைஸ மறந்துராதீங்க ப்ரோ. மேல சொன்ன அதே ஒரு சுத்த 600 மிமீ தூண்ல போட்டா ஷீட் கான்கிரீட்ட சுத்தி அமுக்கற அழுத்தம் நாலுல ஒரு பங்கு, 1.15 மெகாபாஸ்கல் தான், கான்கிரீட் ஸ்ட்ரெங்த்துல 4% கூட இல்ல, லாம்-டெங் மாடல் குறைஞ்சபட்சமா கேக்கற 7%க்கு கீழ போயிருச்சு, ஸ்ட்ரெங்த் ஏத்தம்னு எதையும் கணக்குல எடுக்க முடியாது. சதுரத் தூண் இன்னும் மோசம், மூலைய உருட்டலன்னா ஷீட் அங்கயே வெட்டுப்படும், பக்கத்தோட நடுவுல அழுத்தமே சரியா விழாது. சின்ன சிலிண்டர் டேட்டாவ மட்டும் வச்சு ட்ரெயின் பண்ண மெஷின் லேர்னிங் மாடல பெரிய தூணுக்கு நம்பறது எனக்கு ஒப்பல. டிசைனுக்கு நான் ஏசிஐ 440.2ஆர் (அமெரிக்க கான்கிரீட் கழகத்தோட வழிகாட்டி) வழி தான், கிழியற ஸ்ட்ரெயினா கூப்பன் ஸ்ட்ரெயின்ல 0.55 மடங்கு, அமுங்கல் எவ்வளவு வந்தாலும் 0.01 (1%) தாண்ட விடறதில்ல, அதுக்கு மேல போனா ஷீட்டுக்குள்ள கான்கிரீட் அளவுக்கு மீறி விரிசல் விட்டு கட்டுக்கோப்ப இழந்துரும்.