தீக்கோழி தன் கூட்டுல இருந்தே முட்டைய வெளிய தள்ளுறது ஏன்?

மழைக்குருவி:
நேத்து ராத்திரி கென்யாவுல எடுத்த ஒரு வீடியோ பாத்தேன், பெட்டை தீக்கோழி ஒண்ணு கூட்டுல உக்காந்திருக்கு, திடீர்னு எழுந்து ஒரு முட்டைய அலகால உருட்டி உருட்டி ஓரத்துக்கு தள்ளிட்டு மறுபடி வந்து உக்காந்துக்குது, இப்படியே நாலஞ்சு முட்டை வெயில்ல கெடக்கு. பாக்கவே மனசு கஷ்டமா போச்சு. தான் போட்ட முட்டைய எதுக்கு இப்படி தள்ளணும்? அப்புறம் தலைய கீழ விட்டுட்டு ரொம்ப நேரம் நிக்குது, மண்ணுல தலைய புதைக்கும்னு சொல்றாங்களே, அது இதானா?

பொட்டல்வெளி:
தள்ளினது அதோட முட்டையே இல்லீங்க. ஆண் காலால மண்ண பறிச்சு ஒரு பள்ளம் போடும், கூடுன்னா அவ்ளோதான். அதுல ஜோடி சேந்த மூத்த பெட்டை முட்டை போடும், கூடவே வேற பெட்டைங்களும் ஒவ்வொண்ணா வந்து போட்டுட்டு போய்டும், அடைகாக்க எட்டி கூட பாக்காது. முப்பது முட்டைக்கு மேல கூட சேந்துடும், ஆனா வயித்துக்கு அடியில 20 சொச்சம்தான் அடங்கும். அதனால மூத்தது தன் முட்டைய எல்லாம் நடுவுல வச்சுக்கிட்டு மிச்ச எடத்துக்கு மட்டும்தான் மத்தவங்க முட்டைய சேத்துக்கும். 1970கள்ல பிரையன் பெர்ட்ராம்ங்கற விலங்கியலாளர் கென்யாவோட சாவோ பக்கம் இத உக்காந்து கவனிச்சு எழுதினாரு. நம்ம கண்ணுக்கு எல்லா முட்டையும் ஒண்ணுதான், அதுக்கு மட்டும் ஓட்டுல இருக்கற சின்னச் சின்ன துளை, அளவு, வடிவம் இதுலயே தன்னோடது எதுன்னு தெரிஞ்சிடுது. ஒவ்வொண்ணும் ஒன்றரை கிலோ கிட்ட கனம் வேற!

நெடுங்கால்:
தலை விஷயம்: முட்டைய திருப்பி விடத்தான் குனியுது. அடைகாக்கற நாள் பூரா அடிக்கடி திருப்பணும். ஆபத்து வந்தா கழுத்த தரையோட தரையா நீட்டி படுத்துக்கும், தூரத்துல இருந்து பாத்தா மண் மேடு மாதிரிதான் தெரியும், தலை எங்கன்னே தெரியாது. மண்ணுக்குள்ள புதைச்சா மூச்சு எப்படி விடும் சொல்லுங்க.

வீடியோ பகல்ல எடுத்தது, அதான் நீங்க பெட்டைய மட்டும் பாத்திருக்கீங்க. சாயங்காலத்துக்கு மேல ஆண் வந்து உக்காரும், கருப்பு எறகு இருட்டோட ஒட்டிப் போய்டும், பெட்டையோட பழுப்பு பகல்ல மண்ணோட ஒட்டிப் போய்டும். ஆறு வாரம் இந்த ஷிப்ட்டுதான். எனக்கு தீக்கோழிகிட்ட ரொம்ப புடிச்சதே இதுதான், மணிக்கு 70 கிலோமீட்டர் ஓடறத எல்லாரும் சொல்றாங்க, இத யாரும் சொல்றதில்ல.

மழைக்குருவி:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். ஆனா ஒண்ணு இடிக்குது, தன்னோடது இல்லன்னு தெரியுதுல்ல, அப்போ மத்த பெட்டைங்கள ஆரம்பத்துலயே கிட்ட சேக்காம தொரத்தி விட்டிருக்கலாமே?

பொட்டல்வெளி:
அங்கதான் சூட்சுமம். வயித்துக்கு அடியில அடங்கற இருபது சொச்சத்துல தன் முட்டை போக கொஞ்சம் எடம் மிச்சம் இருக்கு, அதுல மத்தது இருந்தா தனக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல. நரி வந்துச்சுன்னா நெறைய முட்டைல எதையோ ஒண்ண தூக்கிட்டு போகும், ஓரத்துல கெடக்கறது மொதல்ல மாட்டும், நடுவுல இருக்கற தன் முட்டை தப்பிக்க வாய்ப்பு அதிகம். மஞ்சள்முகப் பாறுன்னு ஒரு பிணந்தின்னிக் கழுகு வேற இருக்கு, கல்ல அலகுல கவ்வி முட்டை மேல எறிஞ்சு எறிஞ்சு ஓட்ட ஒடைக்கும்.

நெடுங்கால்:
குஞ்சு பொரிச்சப்புறமும் இதே கதைதான். ரெண்டு குடும்பம் வழியில சந்திச்சா பெருசுங்க ஒண்ண ஒண்ணு முட்டி மோதும், ஜெயிச்ச ஜோடி எதிராளியோட குஞ்சுங்களையும் தன் கூட ஓட்டிட்டு போய்டும். இப்படி சேந்து சேந்து ஒரே ஜோடி பின்னாடி நூறு குஞ்சு கூட ஓடும். கழுகோ நரியோ வந்தா அத்தனைல தன் குஞ்சு மாட்டற வாய்ப்பு கொறையும்ல.

அப்புறம் அந்த ஓரத்து முட்டைக்காரிங்கள பாத்து பாவப்படாதீங்க. இந்த கூட்டுல மூத்த பெட்டையா உக்காந்து அடுத்தவ முட்டைய தள்ற அதே பெட்டை, சந்து கெடச்சா பக்கத்து கூட்டுக்கு போய் தன் முட்டைய போட்டுட்டு வரும்.